கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்

"ஒரு ஸ்டடி நடக்குது, உங்களுக்குச் சரியா இருக்கும், சேர்றீங்களா?" என்று டாக்டர் கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். ஸ்டடி என்றால் மருந்தையோ சிகிச்சையையோ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் மருத்துவ ஆய்வு. அந்த ஆய்வைப் பற்றி எழுதியிருக்கும் தகவல் தாளைக் கேட்டு வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். "வீட்ல பேசிட்டு வர்றேன்" என்றால் போதும், வேறு காரணம் சொல்லத் தேவையில்லை. அதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் சேரவே வேண்டாம். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அவசர நேரத்து ஆய்வுகளில் போய் வர நேரம் இருக்காது. அப்போது கூட வந்த சொந்தக்காரர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் காதிலும் எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள்.

நான் மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் பதினோரு வருடம் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். படித்தது நர்சிங். நோயாளிகளுக்கு நான் 'ஸ்டடி சிஸ்டர்'. ஒப்புதல் படிவத்தை விளக்குவது, ரத்தம் எடுப்பது, திரும்பி வரும் மாத்திரைகளை எண்ணுவது, வராதவர்களுக்குப் போன் போடுவது எல்லாம் என் வேலை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்களில் பலர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "எங்கம்மா போடணும்?" என்று பேனாவுக்குக் கை நீட்டுவார்கள். டாக்டர் மேல் உள்ள நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிகிச்சை வேறு, ஆய்வு வேறு. சிகிச்சை என்றால் உங்களுக்கு எது நல்லது என்று பார்த்து டாக்டர் மருந்து எழுதுகிறார். ஆய்வில் எது நல்லது என்று அவருக்கே இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டு சேர்ந்தவர்கள் கடைசி விசிட் வரை ஒழுங்காக வந்தார்கள். புரியாமல் சேர்ந்தவர்கள்தான் பாதியில் பயந்துபோய் நின்றார்கள்.

வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது

பத்து, பதினைந்து பக்கம் இருக்கும். அவசரப்படாமல் ஒருவர் வாசிக்க மற்றவர் கேளுங்கள். புரியாத வரியில் பென்சிலால் கோடு போடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை வாசிக்கச் சொல்வது ரொம்ப நல்லது, அவர்கள் கூச்சப்படாமல் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பார்கள். தாள் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருந்தாக வேண்டும். தமிழில் இருந்தும் புரியவில்லை என்றால் தப்பு எழுதியவர்கள் மேல்தான். படிக்கத் தெரியாதவருக்கு விளக்கும்போது, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முதலிலிருந்து கடைசி வரை கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு வராண்டாவில் போகிற யாரையோ கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்குவது செல்லாது.

முதலில் தேட வேண்டியது, யாருக்கு எந்த மருந்து என்று எப்படி முடிவாகிறது என்ற பகுதி. பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான் குலுக்கல் மாதிரி முடிவு செய்யும். உங்களுக்குப் புது மருந்து வரலாம், பழைய மருந்தே வரலாம், சில ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை வரலாம். டாக்டரிடம் சிபாரிசு செய்து மாற்ற முடியாது, பல ஆய்வுகளில் அவருக்கே தெரியாது. ஓர் அம்மா ஒவ்வொரு விசிட்டிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், எனக்கு நல்ல மாத்திரைதானே குடுத்தீங்க?" என்று கேட்பார். எனக்கும் தெரியாது என்பதை அவர் கடைசி வரை நம்பவில்லை.

புது மருந்து வராவிட்டால் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனைகளில் கருவிழிப் பூஞ்சைப் புண்ணுக்கு ஓர் ஆய்வு நடந்தது. வயல் வேலையில் நெல் தாளோ செடியோ கண்ணில் கீறினால் வருகிற புண் அது, நம் ஊர் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். பழைய சொட்டு மருந்து நேட்டமைசின். புதிதாக வந்தது வோரிகோனசோல். எது எந்தக் கண்ணுக்குப் போகிறது என்று தெரியாதபடி மறைத்து, 323 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வெளிவந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்வை நன்றாக இருந்தது பழைய நேட்டமைசின் போட்டவர்களுக்கு. கருவிழியில் ஓட்டை விழுவதும், கருவிழி மாற்று அறுவை செய்ய நேர்வதும் அவர்களுக்குத்தான் குறைவு. 323 பேரைச் சேர்க்க 940 பேரைப் பரிசோதித்தார்கள் என்பதையும் கவனியுங்கள். "ஸ்கிரீனிங்கில் எடுக்கல" என்று சொன்னால் உங்களை ஒதுக்கிவிட்டதாக நினைத்து வருந்தாதீர்கள்.

அடுத்து ரத்தம். எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி என்று எழுதியிருக்கும். ஐந்து மில்லி என்றால் ஒரு டீஸ்பூன். ரத்தத்தை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வேறு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவார்களா, வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவார்களா என்று கேளுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பல மருந்து ஆய்வுகளில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள், ஆய்வு முடியும் வரை கருத்தரிக்காமல் இருக்கச் சொல்வார்கள். மாமியார் பக்கத்தில் இருக்க இதைப் பேச முடியாது. "தனியா பேசணும் சிஸ்டர்" என்று சொல்லுங்கள். நானே கூட வந்தவர்களைக் காபி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம் பணம். ஆய்வுக்காகச் செய்யும் பரிசோதனைக்கும் ஆய்வு மருந்துக்கும் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. பஸ் செலவு, ஒரு நாள் கூலி, வெறும் வயிற்றில் வரச் சொன்னால் டிபன் செலவு, இவையெல்லாம் உண்டா, எவ்வளவு, எப்போது கையில் வரும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். செலவுக்கு மேல் பெரிய தொகை ஆசை காட்டினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பாதிப்பு வந்தால் என்ன என்ற பகுதியை இரண்டு தடவை படியுங்கள். இந்தியாவில் மருந்து ஆய்வுகளுக்கென்று 2019-ஆம் வருட விதிகள் இருக்கின்றன. ஆய்வின்போது உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சை தர வேண்டும். அந்தப் பாதிப்புக்கும் ஆய்வுக்கும் சம்பந்தமில்லை என்று உறுதியாகும் வரையாவது அதைத் தந்தாக வேண்டும். ஆய்வால் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் இழப்பீடு. உயிரிழப்புக்கான கணக்கு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து வயதையும் நோயின் தீவிரத்தையும் சேர்த்துப் போடப்படுகிறது. இந்தப் பகுதி தாளில் இல்லை என்றாலோ, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று வாயால் மட்டும் சொன்னாலோ கையெழுத்து வேண்டாம்.

தாளின் கடைசியில் இரண்டு போன் நம்பர் இருக்க வேண்டும். ஒன்று ஆய்வை நடத்தும் டாக்டருடையது, இன்னொன்று ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவுடையது. குறைந்தது ஏழு பேர் கொண்ட குழு அது. அதில் ஒரு பெண், சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவர் இருக்க வேண்டும், பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். டாக்டரிடம் சொல்ல முடியாத குறையை அவர்களிடம் சொல்லலாம். பிறகு சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், எந்தெந்த ஊரில் நடக்கிறது, எத்தனை பேர், எந்த வயது, யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்று எல்லாம் வரும். காசு கிடையாது. செல்போனில் பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள்.

எங்களை மாதிரி ஆட்கள் இதில் உண்டா?

நோயாளிகள் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி இது. ஆனால் நான் நோயாளியாகப் போனால் முதலில் இதைத்தான் கேட்பேன்.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினார்கள். இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் ஆரோக்கிய நிலையத்தில் மாதக்கணக்கில் படுக்கை, ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. சென்னையின் ஏழைகளுக்கு இதில் எதுவும் கிடைக்காது. அதனால் அவர்களையே சேர்த்து, பாதிப் பேரை நிலையத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, வேலைக்கும் போய்க்கொண்டிருந்த உடம்பு. ஆனாலும் வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் நிலையத்தில் இருந்தவர்களுக்கும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவுதான் காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கும் வழியை உலகத்துக்குத் திறந்துவிட்டது. வசதியானவர்களை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

என் வேலைக்கு நெருக்கமானது சர்க்கரை. சர்க்கரை வரும் நிலையில் இருப்பவர்களை வைத்து அமெரிக்காவில் 3,234 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2002-இல் முடிவு வந்தது. உடற்பயிற்சியும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சர்க்கரை வருவதை 58 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் மாத்திரை 31 சதவீதம் குறைத்தது. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் உடல் பருமன் குறியீடு அங்கே சேர்ந்தவர்களுக்குச் சராசரியாக 34. நம் ஊரில் அவ்வளவு பருமன் இல்லாமலேயே சர்க்கரை வருகிறது. சர்க்கரை நோய் டாக்டர் அ. ராமச்சந்திரன் சென்னையில் 531 பேரிடம் இதையே செய்து பார்த்தார். இங்கே சராசரி 25.8 தான். முடிவு 2006-இல் வந்தது. மருந்தோ பயிற்சியோ இல்லாமல் விட்ட குழுவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. அமெரிக்க ஆய்வில் அதே கணக்கு 29 சதவீதம் அளவில்தான். பயிற்சியும் உணவும் இங்கே 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் 26.4 சதவீதம். அதுவும் அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 1,700 மில்லிகிராம் கொடுத்த இடத்தில், இங்கே 250 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளைதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் இல்லை.

ஓர் ஊர்க்காரர்களிடம் வந்த முடிவு இன்னோர் ஊருக்கு அப்படியே பொருந்தாது. அதனால் கேளுங்கள்: "இந்த மருந்தை இதுக்கு முன்னாடி யாருக்குக் குடுத்துப் பார்த்தீங்க? என் வயசுக்காரங்க இருந்தாங்களா? பெண்கள் எத்தனை பேர்? சர்க்கரையோட கிட்னி பிரச்சினையும் இருக்கிறவங்க இருந்தாங்களா?" எழுபது வயது தாண்டியவர்களையும், இரண்டு மூன்று நோய் சேர்ந்து உள்ளவர்களையும் பல ஆய்வுகள் விட்டுவிடுகின்றன. ஆபத்து அதிகம் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் நாளைக்கு அந்த மருந்தைக் கடையில் வாங்கிச் சாப்பிடப் போவது பெரும்பாலும் அவர்கள்தான் என்பதும் உண்மை. இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டரிடம் தைரியமாகச் சேரலாம்.

சேர்ந்த பிறகு

கையெழுத்துப் போட்ட படிவத்தின் ஒரு நகல் உங்களுக்குச் சேர வேண்டும். கேட்டு வாங்கி ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள். ஒரு பெரியவர் மாத்திரை அட்டையைக் காலியாகக் கொண்டுவந்து வைப்பார், எண்ணிக்கை எப்போதும் சுத்தமாக இருக்கும். சர்க்கரை அளவு மட்டும் இறங்கவே இல்லை. நான்காவது விசிட்டில் அவர் பேத்திதான் சொன்னாள், மீதி மாத்திரையை வரும் வழியில் வாய்க்காலில் போட்டுவிடுவார் என்று. "பாவம், நீ திட்டு வாங்குவியேன்னுதாம்மா" என்றார் என்னிடம். யாரும் திட்ட மாட்டார்கள். மறந்த மாத்திரையை மறந்ததாகவே கொண்டு வாருங்கள். அவர் அட்டை சொன்ன பொய், மருந்து வேலை செய்யவில்லை என்ற கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். சூரணம், லேகியம், பக்கத்து வீட்டார் கொடுத்த மூலிகைப் பொடி எதுவானாலும் பொட்டலத்தோடு எடுத்து வந்து காட்டுங்கள்.

ஆய்வில் இருப்பதற்கு ஓர் அட்டை தருவார்கள். அதை எப்போதும் பர்சில் வையுங்கள். எங்கள் ஆய்வில் இருந்த ஒருவருக்கு ராத்திரி மயக்கம் வந்து பக்கத்து ஊர் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். அட்டை வீட்டுப் பீரோவில். அவர் என்ன மருந்தில் இருக்கிறார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் மறுநாள் மதியம்தான் தகவல் வந்தது. பிழைத்துக்கொண்டார். அட்டை கையில் இருந்திருந்தால் ராத்திரியே எங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். அவசரத்தில் யாருக்கு எந்த மருந்து என்ற மறைப்பைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்தால் எங்களுக்கு உடனே சொல்லுங்கள். அப்படிப்பட்ட பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டியது டாக்டரின் கடமை.

நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் விலகலாம். விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். "இனி வரல சிஸ்டர்" என்று ஒரு போன் போதும். சில மருந்துகளைத் திடீரென நிறுத்தக் கூடாது, எப்படி நிறுத்துவது என்று நாங்கள் சொல்லிவிடுவோம்.

கடைசி விசிட்டில் மூன்று கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். நாளையிலிருந்து நான் எந்த மாத்திரை சாப்பிட வேண்டும்? எனக்கு வந்தது எந்த மருந்து என்று எப்போது சொல்வீர்கள்? முடிவு வந்ததும் தமிழில் எனக்குச் சொல்வீர்களா? முடிவு வர ஒன்றிரண்டு வருடம் ஆகலாம், அதற்குள் ஒருங்கிணைப்பாளர் மாறியிருக்கலாம். அதனால் உங்கள் போன் நம்பரை ஆய்வுக் கோப்பில் எழுதச் சொல்லி, எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.