தரை என்றால் எந்தத் தரை? பயிற்சிக்கு வரும் மாணவர்கள் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் தேர்வு முடிந்ததும் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்துப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்கள் சிலர் எங்கள் கட்டுமானப் பணியிடங்களுக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். கட்டடப் பிரிவு, மின் பிரிவு, இயந்திரப் பிரிவு என்று மூன்று பிரிவினரும் வருவதுண்டு. சென்ற மாதம் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டை, அதாவது பின்பகுதியை, சீரமைக்கும் வேலையில், மின் பிரிவு மாணவர் ஒருவர் சுவிட்ச் பெட்டிகளுக்காகச் சுவரில் போட்டிருந்த பென்சில் கோடுகளைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ‘தரையிலிருந்து 1300 மி.மீ.’ என்று வரைபடத்தில் இருந்ததை அவர் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அளந்திருந்தார். ஆனால் அளவு நாடாவின் நுனியை அவர் வைத்த இடம், இன்னும் கல் பதிக்காத வெறும் கான்கிரீட். 23 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு என் கண்முன்னே மீண்டும் நடந்துகொண்டிருந்தது.

சிமென்டைக் கான்கிரீட் என்பது, போல்ட்டை ஸ்க்ரூ என்பது போன்ற பிழைகளை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே மேஸ்திரி திருத்திவிடுவார். பாடநூலில் ஒரு பொருளும் பணியிடத்தில் வேறொரு பொருளும் தந்து, பணத்தையும் நாள்களையும், சில நேரம் உயிரையும் வாங்கிவிடக்கூடிய சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பேஸ்மட்டம், பேஸ்மென்ட்

நம் ஊர்க் கொத்தனார் ‘பேஸ்மட்டம்’ என்று சொன்னால், நிலத்துக்கு மேலே எழுப்பி, வீட்டுத் தரையைத் தாங்கும் அடிப்பீடத்தைக் குறிக்கிறார். பாடநூல் அதைப் பிளிந்த் என்கிறது. வரைபடத்தில் ‘பேஸ்மென்ட்’ என்று இருந்தாலோ, அது நிலத்துக்குக் கீழே உள்ள தளம். ஒலி ஒன்றுபோல் இருப்பதால் மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள். ஒருமுறை பயிற்சி மாணவர் ஒருவர் அளவுக் குறிப்பில் ‘பேஸ்மென்ட் 3 அடி’ என்று எழுதி அனுப்ப, வெளியூரில் இருந்தபடி மதிப்பீடு தயாரித்தவர் நிலத்தடி அறைக்கான மண் வெட்டும் செலவையும் நீர்க்கசிவுத் தடுப்புச் செலவையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். கொத்தனாரிடம் பேசும்போது அவருடைய சொல்லைச் சொல்லுங்கள். தாளில் எழுதும்போது பிளிந்த் என்றே எழுதுங்கள்.

நூல் கணக்கு

ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். தச்சர்களும் மூத்த கம்பி வேலைக்காரர்களும் இன்றும் நூலில்தான் பேசுகிறார்கள்: இரண்டரை நூல் என்றால் 8 மி.மீ. கம்பி, மூன்று நூல் என்றால் 10, நான்கு நூல் என்றால் 12, ஐந்து நூல் என்றால் 16. மாணவர் அலகைச் சொல்லாமல் ‘எட்டு கம்பி’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், கேட்பவர் எட்டு நூல் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. எட்டு நூல் என்பது 25 மி.மீ. கம்பி. எட்டு மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 25 மி.மீ. கம்பி 3.85 கிலோ. ஒரு சொல் விடுபட்டதால் எடை ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். ஆகவே அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

தரை, தரைமட்டம்

இதைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத வேண்டும். இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்தத் தவறு எனக்கு எரிச்சலூட்டுவது குறையவில்லை.

வரைபடங்களில் ‘மட்டம்’ என்று முடியும் சொற்கள் குறைந்தது நான்கு உண்டு. மண் இருக்கும் உயரம் நில மட்டம். அடிப்பீடத்தின் மேல்விளிம்பு பிளிந்த் மட்டம். கான்கிரீட் போட்டு முடித்த மேற்பரப்பு கட்டமைப்பு மட்டம். அதன்மேல் சாந்து போட்டுக் கல் பதித்து, கடைசியில் நாம் கால் வைத்து நடக்கும் பரப்பு முடித்த தரைமட்டம், வரைபடத்தில் எஃப்.எஃப்.எல். என்று மூன்றெழுத்தில் இருக்கும். பணியிடத்துக்கு வந்ததும் இந்த நான்கும் சுருங்கி, ‘தரை’ என்ற ஒரே சொல் ஆகிவிடுகின்றன.

டிப்ளமோ முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு அது. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு புது வீடு கட்டிக்கொண்டிருந்தோம். பங்காளிகளுக்குள் பாகம் பிரித்து இடித்த பழைய வீட்டிலிருந்து தங்கள் பங்குக்கு வந்த பர்மாத் தேக்கு நிலையைப் புது வீட்டின் முகப்பில் வைக்க அந்தக் குடும்பத்தார் விரும்பினார்கள். நிலை பழுது பார்க்கத் தச்சரிடம் போயிருந்ததால், வழக்கம்போல் நிலையை நிறுத்திவிட்டுச் சுவர் எழுப்பாமல், வாசலுக்கு இடம் விட்டுக் கட்டினோம். கீழ்ப்படியிலிருந்து மேல் சட்டம் வரை நிலையின் வெளி உயரம் 7 அடி. வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டமான லிண்டலின் அடி எங்கே வர வேண்டும் என்று கொத்தனார் கேட்டார். “தரையிலிருந்து ஏழடி அரை அங்குலம், அண்ணே” என்றேன். அவர் அப்போது தாம் நின்றுகொண்டிருந்த தரையிலிருந்து சரியாக அளந்து, பலகை அடித்து, லிண்டல் போட்டார்.

அவர் நின்றிருந்தது கான்கிரீட்டின் மேல். பின்னர் அதன்மீது ஒன்றரை அங்குலம் சாந்தும், அதற்கு மேல் முக்கால் அங்குலம் தடித்த ஆத்தங்குடிக் கல்லும் ஏறின. வாசலின் உயரத்தில் இரண்டேகால் அங்குலம் போய்விட்டது. தச்சர் நிலையை மாட்டுவண்டியில் கொண்டுவந்து, நான்கு பேர் தூக்கி நிறுத்தியபோது, ஒன்றே முக்கால் அங்குலம் இடம் போதவில்லை. வாசலில் பதித்த கல்லைப் பெயர்த்துக் கீழ்ப்படியை உள்ளே இறக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இறக்கினால் படியின் முகத்திலிருந்த செதுக்கு வேலை மறைவதோடு, ஈரம் ஏறித் தேக்கையும் கரையான் தின்னத் தொடங்கும். நிலைக்காலை அறுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். அதுவரை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டு ஆச்சி எழுந்து வந்து, நிலைக்காலில் கையை வைத்துக்கொண்டு, “நான் வாக்கப்பட்டு வந்த வாசல் தம்பி, காலை வெட்டிப்புடாதீக” என்றார்கள். அதன் பிறகு யாரும் ரம்பத்தைத் தொடவில்லை.

லிண்டலை உடைத்தோம். மேலே இருந்த செங்கல் வரிசைகளுக்கு முட்டுக்கொடுத்து, ஐந்தடி நீளத்துக்கு உடைத்து, கம்பியைப் புதிதாகக் கட்டி, மறுபடியும் கான்கிரீட் போட்டு, நீர் கட்டிக் காத்திருந்து நிலையை நிறுத்த 16 நாள் ஆயிற்று. உடைத்தபோது விழுந்த துண்டுகளால், பதித்து முடித்திருந்த ஆத்தங்குடிக் கற்களில் பதினொன்று கீறல் விட்டன. கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றிச் செய்யும் கல் அது. ஒரு தடவை கலந்த நிறம் மறுதடவை அப்படியே அமைவதில்லை. அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனால், இடப்பக்கம் அந்தப் பதினொரு கற்களின் சிவப்பு மட்டும் சற்று வெளிறி இருப்பதை இன்றும் பார்க்கலாம். கொத்தனார் மீது பிழையில்லை, வரைபடத்தின் மீதும் பிழையில்லை. ‘முடித்த’ என்ற ஒரு சொல்லை நான் சொல்லாமல் விட்டேன்.

படிக்கட்டில் இதே தவறு வேறு உருவத்தில் வரும். எல்லாப் படியையும் ஆறு அங்குல உயரத்தில் ஒரே சீராக வார்த்துவிட்டு, கீழ்த் தளத்திலும் மேல் தளத்திலும் இரண்டேகால் அங்குலத் தரைப் பூச்சும் படிகளின்மேல் முக்கால் அங்குலக் கருங்கல் பலகையும் போட்டால், முதல் படி நாலரை அங்குலமாகக் குறைந்தும் கடைசிப் படி ஏழரை அங்குலமாக உயர்ந்தும் நிற்கும். ஏறுகிறவர்களின் கால் ஒவ்வொரு நாளும் அங்கே இடறும். வார்க்கும்போதே முதல் படியை ஏழரையாகவும் கடைசிப் படியை நாலரையாகவும் வைத்திருந்தால், எல்லாம் முடிந்த பின் அனைத்தும் ஆறு அங்குலமாக அமைந்திருக்கும்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இந்தக் கவனம் இரு மடங்கு தேவை. தெருவிலிருந்து திண்ணை, திண்ணையிலிருந்து முற்றத்தைச் சுற்றிய உள்கூடமான வளவு, வளவிலிருந்து தாழ்ந்த முற்றம், அதற்குப் பின் இரண்டாம் கட்டு என்று ஒரே வீட்டுக்குள் தரை பல உயரங்களில் ஏறி இறங்குகிறது. அங்கே ‘தரையிலிருந்து’ என்று மட்டும் சொன்னால் அது எந்தத் தரையையும் குறிக்கவில்லை என்றே பொருள்.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்றுதான். கல் பதிக்கும் முன், மட்டக்குழாயில் நீர் பிடித்து, வரப்போகும் முடித்த தரைமட்டத்துக்குச் சரியாக ஒரு மீட்டர் மேலே எல்லாச் சுவர்களிலும் வண்ணக் கயிறு அடித்துக் கோடு போட்டுவிடுவோம். அதன்பின் எவரும் கீழே குனிந்து தரையிலிருந்து அளக்கக் கூடாது. தரையிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் வரவேண்டிய பிளக் பெட்டி கோட்டுக்கு 700 மி.மீ. கீழே, 1300-இல் வரவேண்டிய சுவிட்ச் பெட்டி கோட்டுக்கு 300 மி.மீ. மேலே, 2100-இல் வரவேண்டிய லிண்டல் கோட்டுக்கு 1100 மி.மீ. மேலே. கானாடுகாத்தானில் அந்த மாணவர் கோடு போடுவதற்கு முன்பே அளக்கத் தொடங்கியிருந்தார். நல்லவேளையாக உளி வைக்கவில்லை. பென்சில் கோடுகளை அழித்து, எல்லாவற்றையும் 60 மி.மீ. உயர்த்திக் குறித்தோம்.

சென்டர் டு சென்டர்

கம்பிகளின் இடைவெளியை இப்படிக் குறித்திருந்தால், அளக்க வேண்டியது ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடு வரை. நடுவே தெரியும் வெற்றிடம் அல்ல.

கவர் என்பது பூச்சு அல்ல

‘கவர் 40 மி.மீ.’ என்றால், சுவர்ப் பூச்சையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கும் மாணவர்கள் பலர். கவர் என்பது இரும்பின் வெளிப்புறத்துக்கும் கான்கிரீட்டின் வெளிப்புறத்துக்கும் இடையில் உள்ள கான்கிரீட் மட்டும்; பூச்சுக்கு அதில் இடமில்லை. ஐ.எஸ். 456 : 2000 விதிநூலின்படி தூணுக்குப் பொதுவாக 40 மி.மீ., அடித்தளத்துக்கு 50 மி.மீ. குறையாமல் இருக்க வேண்டும். இதை முதன்மைக் கம்பியிலிருந்து அளப்பது இரண்டாவது தவறு. வெளியே சுற்றியிருக்கும் ரிங்கிலிருந்து அளக்க வேண்டும். 8 மி.மீ. ரிங் போட்ட தூணில் முதன்மைக் கம்பியிலிருந்து 40 அளந்தால், ரிங்குக்குக் கிடைப்பது 32 மட்டுமே. துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். உலோக அரிமானத்தை முக்கியத் துறைகளில் ஒன்றாக ஆராய்ந்துவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கும் இந்தக் காரைக்குடியிலேயே, கவர் அளவுக்குக் கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டைச் சொருகிக் கம்பியைத் தூக்கி வைப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

டாலரன்ஸ், கிளியரன்ஸ்

டாலரன்ஸ் என்பது ஒரே உறுப்பின் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற அனுமதி. கிளியரன்ஸ் என்பது இரண்டு உறுப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்போது இடையில் இருக்கும் வெளி. இயந்திரப் பிரிவு மாணவர் ஒருவர் 25 மி.மீ. துளையுள்ள புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் உருளை உறையில்) சுழல வேண்டிய தண்டுக்கு, ‘25 மி.மீ., டாலரன்ஸ் 0.05’ என்று எழுதி லேத் பட்டறைக்குக் கொடுத்தார். அவர் மனத்தில் இருந்தது 0.05 இடைவெளி. பட்டறைக்காரர் 25.03 அளவில் கடைந்து கொடுத்தார். எழுதிய அளவுக்குள் அது சரியாகவே இருந்தது, புஷ்ஷுக்குள் மட்டும் நுழையவில்லை. வரைபடத்தில் துளைக்கும் தண்டுக்கும் உரிய பொருத்தக் குறியீட்டோடு 25 எச்7/ஜி6 என்று எழுதினால் ஐயத்துக்கு இடமிராது: துளை 25.000 முதல் 25.021 வரை, தண்டு 24.980 முதல் 24.993 வரை. எப்படிக் கடைந்தாலும் குறைந்தது 0.007 மி.மீ. வெளி இருந்தே தீரும்.

கடினம், உடையாத் தன்மை

இரண்டும் ஒன்றல்ல: அரம் கடினமானது, ஆனால் கல் தரையில் தவறவிட்டால் உடைந்துபோகக்கூடும்.

கிலோவாட், யூனிட்

கிலோவாட் என்பது மின்சாரம் செலவாகும் வேகம். யூனிட் என்பது செலவான மொத்தம்.

நியூட்ரல், எர்த், ட்ரிப்பர்

“இரண்டும் கடைசியில் மண்ணுக்குத்தானே சார் போகிறது?” என்று கேட்காத மின் பிரிவு மாணவரை நான் பார்த்ததில்லை. சாதனம் ஓடும் நேரமெல்லாம் நியூட்ரல் வழியே மின்னோட்டம் திரும்பிச் செல்கிறது. பழுது ஏற்பட்டால் மட்டுமே எர்த் கம்பியில் மின்னோட்டம் பாய வேண்டும். சாதனத்தின் இரும்பு உடலை எர்த்துக்குப் பதில் நியூட்ரலில் இணைத்துவிட்டு, அந்த நியூட்ரல் எங்கோ அறுந்துபோனால், உடல் முழுவதிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். பார்வைக்கு எதுவும் தெரியாது. ஈரக் கையால் தொடுகிறவருக்குத்தான் தெரியும்.

மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்சைக் குறிக்கும் ‘ட்ரிப்பர்’ என்ற சொல்லும் இதே வகைதான். வீட்டுக்காரர்கள் எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் ட்ரிப்பர் என்றே சொல்கிறார்கள். மாணவர்களும் அப்படியே எழுதுகிறார்கள். எம்.சி.பி. அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழும். ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் வேறுபாடு வந்தால் விழும். வீடுகளில் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் உணர்திறன் உள்ளதைப் பொருத்துகிறோம். சுமை கூடினால் ஆர்.சி.சி.பி. காக்காது, கசிவு ஏற்பட்டால் எம்.சி.பி. காக்காது. கானாடுகாத்தான் வீட்டில் அந்த மாணவர் இப்போது விநியோகப் பெட்டிக்குள் ‘சுமை’, ‘கசிவு’ என்று தனித்தனியே எழுதி ஒட்டியிருக்கிறார். வீட்டிலிருந்து தொலைபேசியில் ‘ட்ரிப்பர் விழுந்துவிட்டது’ என்று சொன்னால், எந்தச் சீட்டுக்கு மேலே இருப்பது விழுந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்படலாம்.