முட்டை வந்தால் போதுமா? மைன்கிராஃப்ட் ஃபாசில் 'மாட்'-இல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாத விடுமுறையில் காலை பதினோரு மணிக்கு மேல் பாளையங்கோட்டைத் தெருக்களில் ஒரு பையனையும் பார்க்க முடியாது. வெயில் அப்படி. எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால்தான். அதில் ஒரு கூட்டம் மைன்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தில் 'ஃபாசில்ஸ் அண்ட் ஆர்க்கியாலஜி' மாட்டை (mod, ஆட்டத்தோடு கூடுதலாகச் சேர்க்கும் கோப்பு) போட்டு டைனோசர் வளர்த்துக்கொண்டிருக்கும். கல்லைக் குடைந்து புதைபடிவம் எடுப்பது, அதிலிருந்து டிஎன்ஏ பிரிப்பது, அதை முட்டையாக்கிக் குஞ்சு பொரிக்க வைப்பது, இதுதான் ஆட்டம். என்னிடம் வருகிற புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: "ண்ணே, ட்ரைசெராடாப்ஸ் வந்துச்சு, ரெண்டு நாள்ல செத்துப்போச்சு."

டிஎன்ஏ கையில் வந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இதற்கெல்லாம் வேர். அடை, தீனி, இடம், வேலி ஆகிய நாலும் அதற்கு அப்புறம்தான் வருகின்றன. நாலையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்களுக்குத்தான் டைனோசர் சாகிறது.

முதலில், மாட் போடும்போதே நடக்கிற கோளாறுகள். இது கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்புக்கான மாட். ஃபோனில் ஆடுகிற பெட்ராக் பதிப்பில் இந்தக் கோப்பை எங்கே போட்டாலும் ஓடாது. நீங்கள் ஆடுகிற ஆட்டப் பதிப்பும், மாட் எந்த ஆட்டப் பதிப்புக்காகச் செய்யப்பட்டதோ அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். 1.12.2-க்கான கோப்பை வேறு பதிப்பில் போட்டுவிட்டு "திறக்கவே மாட்டேங்குது" என்றால் அது திறக்காதுதான். ஆட்டத்தைத் திறக்கிற லாஞ்சர் வழக்கமாக 2 ஜிபி நினைவகம்தான் ஒதுக்கும். மாட் பல சேர்ந்தால் அது பற்றாது, அமைப்பில் போய் 4 ஜிபி ஆக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பழைய உலகத்தில் மாட்டைச் சேர்த்துவிட்டு, ஏற்கெனவே நடந்து தீர்த்த இடத்திலேயே புதைபடிவம் தேடுவது. நீங்கள் காலடி வைத்த பகுதிகள் முன்பே உருவாகிவிட்டன, அங்கே புதுக் கனிமம் முளைக்காது. இதுவரை போகாத திசையில் தூரமாகப் போய்த் தோண்டுங்கள், இல்லையென்றால் புது உலகம் தொடங்குங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட் போகிற நாளைப் பற்றி நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. உலகம் சேமிக்கப்படுகிற நொடியில் கரண்ட் போனால் கோப்பு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. 'சேவ்ஸ்' என்ற கோப்புறையில் உங்கள் உலகத்தின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதை அப்படியே பென் டிரைவில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, தோண்டும் வேலைக்கு வருவோம். புதைபடிவக் கல்லை உடைத்தால் எப்போதும் ஒரே பொருள் வராது. பயோஃபாசில் என்ற விலங்குப் புதைபடிவம் வரும், செடிப் புதைபடிவம் வரும், ரெலிக் ஸ்கிராப் என்ற தொல்பொருள் துண்டும் வரும். டைனோசர் டிஎன்ஏ வேண்டுமென்றால் பயோஃபாசிலைத்தான் டிஎன்ஏ பிரிக்கும் கருவியான அனலைசரில் போடவேண்டும். ரெலிக் ஸ்கிராப் மனிதர்கள் விட்டுப்போன பொருள், அதிலிருந்து எந்தக் காலத்திலும் டைனோசர் வராது. அதற்காகக் குப்பையில் போட்டுவிடவும் கூடாது, பழைய வாள், தலைக்கவசம் இவற்றைச் சீர்செய்ய அது வேண்டும்.

இந்த மாட் தொல்லியலையும் தொல்லுயிரியலையும் ஒரே கல்லுக்குள் வைத்திருப்பதால் பசங்களுக்கு ஒரு குழப்பம் வருகிறது. "அப்போ ஆதிச்சநல்லூர்ல டைனோசர் எலும்பு கிடைக்குமா?" என்று ஒருவன் கேட்டான். கிடைக்காது. அங்கே 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டியபோதும், பின்னால் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோதும் வந்தவை முதுமக்கள் தாழிகளும் இரும்பு, வெண்கலப் பொருள்களும். அதெல்லாம் சில ஆயிரம் வருடக் கதை. டைனோசர்கள் அழிந்தே 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. திருநெல்வேலிச் சீமையின் அடிப்பாறை அவற்றுக்கும் முந்தியது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமிக்கடியில் வெந்து, நசுங்கி, உருமாறிய பாறை அது. டைனோசர் காலத்துப் படிவுகளைப் பார்க்கவேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம் போகவேண்டும். நிஜத்தில் அங்கேயும் டிஎன்ஏ கிடைக்காது. இதுவரை மீட்கப்பட்ட டிஎன்ஏவில் மிகப் பழையது கிரீன்லாந்து மண்ணிலிருந்து எடுத்து 2022-இல் அறிவித்தது. அதன் வயது சுமார் 20 லட்சம் ஆண்டுகள்தான். ஆட்டத்தில் மட்டும்தான் அனலைசர் நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

அந்தத் தாராளத்துக்கும் அளவு உண்டு. பயோஃபாசில் போட்டால் பல நேரம் மணலும் எலும்புத் தூளும்தான் வரும். கையில் நாலு கல்லை வைத்துக்கொண்டு "மாட் சரியில்ல" என்று சொல்லாதீர்கள், ஒரு பெட்டி நிறையச் சேர்த்துவிட்டு உட்காருங்கள். வெளியே வரும் கட்டங்கள் நிறைந்துபோனால் அனலைசர் வேலையை நிறுத்திவிடும், அவ்வப்போது காலி செய்யுங்கள்.

டிஎன்ஏ போகிற அடுத்த இடம் கல்ச்சர் வாட், அதாவது டிஎன்ஏவை முட்டையாக வளர்க்கும் தொட்டி. உலை மாதிரி இருப்பதால் நிலக்கரியைப் போட்டுப் பார்க்கிறார்கள். அது கரியை ஏற்காது. இறைச்சி போன்ற உயிர்ப்பொருள்தான் அதற்கு எரிபொருள். ஜோம்பிகளை அடித்தால் வரும் கெட்டுப்போன இறைச்சியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவன் இந்த இடத்தில் பிழைத்தான். வேலை நடந்துகொண்டிருக்கும்போது தொட்டியை இடம் மாற்றலாம் என்று உடைக்கவே கூடாது. தண்ணீர் கொட்டி, உள்ளிருந்து 'ஃபெயிலியரோசரஸ்' என்ற பச்சை நிறப் பிண்டம் ஒன்று எழுந்து நம்மையே அடிக்க வரலாம். வாட்டை வீட்டுக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காமல் தனிக் கொட்டகையில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

எல்லா டிஎன்ஏவும் முட்டையாகாது. மாமத் போன்ற பாலூட்டிகளுக்குக் கரு ஊசி வரும், அதைப் பசு போன்ற உயிருள்ள விலங்குக்குச் செலுத்தி, அது ஈனும்வரை காத்திருக்க வேண்டும். சினைப் பசுவை மற்ற மாடுகளோடு விட்டுவிட்டு, எது எது என்று தெரியாமல் பசிக்கு அதையே அடித்துச் சாப்பிட்டவன் ஒருவன் இருக்கிறான். ஊசி போட்ட கையோடு ஒரு பெயர்ச்சீட்டு மாட்டித் தனித் தொழுவத்தில் அடைத்தால் தீர்ந்தது.

இனி முட்டை. இங்கேதான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். முட்டையைத் தரையில் வைத்துவிட்டால் தானாகப் பொரிக்கும் என்று விட்டுப்போனால் கூமுட்டைதான் மிஞ்சும். நிலத்தில் வாழும் இனங்களின் முட்டைக்கு வெளிச்சம் வேண்டும், அதைத்தான் ஆட்டம் சூடாகக் கணக்கிடுகிறது. இருண்ட குகையில், திருடு போகாமல் இருக்கட்டும் என்று மறைத்து வைத்தால் குளிர்ந்து செத்துவிடும். திறந்த வானத்தின் கீழே வையுங்கள், அல்லது கூரைக்கு அடியில் என்றால் சுற்றிலும் டார்ச் நட்டு வையுங்கள். கடல்வாழ் இனங்களுக்கு நேர்மாறு. மோசசாரஸ் முட்டையைத் தரையில் வைத்தால் காய்ந்துபோகும், தண்ணீருக்குள்தான் வைக்கவேண்டும். எந்த முட்டை எந்த நிலையில் இருக்கிறது என்பதை டைனோபீடியா புத்தகத்தைக் கையில் எடுத்து முட்டையின் மேல் சொடுக்கினால் அதுவே சொல்லும். அந்தப் புத்தகத்தைச் செய்யாமலே ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

பொரிக்கிற நேரத்தில் பக்கத்தில் இருங்கள். சாதுவான இனங்கள் பல, கண் திறக்கும்போது அருகில் நிற்பவரை எஜமானாக ஏற்றுக்கொள்ளும். முட்டையை வைத்துவிட்டு வைரம் தேடப் போய், திரும்பி வந்து பார்த்தால் யாருக்கும் அடங்காத குஞ்சு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

குஞ்சு வந்த மறுநிமிடமே பசி தொடங்கிவிடும். தீனி வைக்கும் ஃபீடரை முட்டை வைப்பதற்கு முன்பே நட்டு, நிரப்பி வைத்திருக்க வேண்டும். அதில் இறைச்சியையும் செடிகொடியையும் தனித்தனியாக நிரப்பலாம். தாவரம் தின்னும் ஸ்டெகோசரஸுக்கு மாட்டிறைச்சியாகக் கொட்டி வைத்தால் அது ஃபீடர் பக்கத்திலேயே பட்டினி கிடந்து சாகும். சீக்கிரம் வளரட்டும் என்று சிக்கன் எசன்ஸ் கொடுப்பது பசங்களுக்குப் பிடித்த குறுக்குவழி. பசித்த விலங்குக்கு அதைக் கொடுத்துப் பயனில்லை, முதலில் வயிறு நிறையட்டும். மேலே கூரை தட்டுகிற தொழுவத்தில் பிராக்கியோசரஸை வளர்க்க முயல்வதும் வீண், வளர இடம் வேண்டும். வேட்டையாடும் இனத்தையும் இரையாகும் இனத்தையும் ஒரே வேலிக்குள் விடக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் விடுகிறார்கள்.

கடைசியாக டி-ரெக்ஸ். எல்லாருக்கும் அதுதான் முதலில் வேண்டும், அதுதான் கடைசியில் வரவேண்டியது. பொரிக்கும்போது பக்கத்தில் நின்றால் அடங்குகிற சாதி இல்லை அது. வளர்ந்ததும் மரவேலி, கண்ணாடிச் சுவர் எதையும் உடைத்துக்கொண்டு வரும், ஆகவே எளிதில் உடையாத அப்சிடியன் கல்லில் கட்டுங்கள். அது இப்படிச் சுவர், வேலிகளை உடைக்கும் வழக்கத்தை மாட்டின் அமைப்புக் கோப்பில் நிறுத்திவைக்கவும் முடியும். நண்பர்களோடு சேர்ந்து ஆடுகிற சர்வரில் டி-ரெக்ஸ் முட்டை வைக்கப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், அவர்கள் வீடும் அதே உலகத்தில்தான் இருக்கிறது.