கொள்ளைநோய்க் காலத்தில் வயதையும் பாலினத்தையும் வைத்து நாம் போடும் தப்புக் கணக்குகள்

"வயசானவர்களுக்குத்தான் ஆபத்து, இளவட்டத்துக்கு ஒன்றும் ஆகாது." கொரோனா நாட்களில் வீட்டுக்கு வீடு கேட்ட பேச்சு இது. கோவிட்-19ஐப் பொறுத்தவரை பெருமளவு உண்மைதான். வயது கூடக் கூட இறப்பு ஆபத்து கூட்டுவட்டியைப் போல ஏறியது. ஆனால் அதையே எல்லாக் கொள்ளைநோய்களுக்கும் விதியாக்கிவிடக் கூடாது. 1918 இன்ஃபுளுவென்சா 20 முதல் 40 வயதுவரை இருந்த திடகாத்திரமானவர்களை வாரிக்கொண்டு போனது. 2009 பன்றிக்காய்ச்சலில் உலக அளவில் இறந்தவர்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் 65 வயதுக்கு உட்பட்டவர்கள் என மதிப்பிடப்பட்டது. முதியவர்கள் பலர் சிறுவயதில் அதையொத்த வைரஸைச் சந்தித்திருந்தார்கள். அந்தப் பழைய எதிர்ப்பாற்றல் அவர்களுக்குக் கைகொடுத்தது.

ஆண்கள் கோவிட்டில் அதிகம் இறந்ததற்குப் புகையும் மதுவும்தான் காரணம் என்று முடித்துவிடுவது இன்னொரு தவறு. அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் வைரஸின் வருகையை உணரும் டிஎல்ஆர்7 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு அதில் இரண்டு பிரதிகள், ஆணுக்கு ஒன்றுதான். அந்த ஒன்று பழுதானால் மாற்று இல்லை. நல்ல உடல்நலத்தோடு இருந்த இளைஞர்கள் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டதற்கு அரிதான இந்தப் பழுதே காரணமாக இருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பெண்களுக்குப் பயமில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 1918இல் இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் மடிந்தார்கள். அரைவயிற்றுக் கஞ்சியோடு நோயாளிகளின் அருகிலேயே இருந்து பணிவிடை செய்தவர்கள் அவர்கள்தாம். கோவிட்டுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடித்த சோர்வும் மூச்சிரைப்பும் பெண்களிடமே கூடுதலாகக் காணப்பட்டன. கர்ப்பிணிகளுக்கு இன்ஃபுளுவென்சா, கோவிட் இரண்டுமே கூடுதல் ஆபத்து. ஆனாலும் இந்தியாவில் அவர்களுக்குத் தடுப்பூசி அனுமதி 2021 ஜூலையில்தான் கிடைத்தது. அதற்குள் இரண்டாம் அலை உச்சம் தொட்டு இறங்கிவிட்டிருந்தது. இந்தத் தாமதத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

வீடுகளில் நடக்கும் தவறுகளில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது, முதியவர்களுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருப்பது. எழுபது, எண்பது வயதில் நோயெதிர்ப்பு மெதுவாகத்தான் விழிக்கும். கடுமையான தொற்றிலும் உடல் சுடாமல் இருக்கலாம். அதற்குப் பதிலாகச் சாப்பாட்டை ஒதுக்குவார்கள், பகலெல்லாம் தூங்குவார்கள், நடக்கும்போது தடுமாறி விழுவார்கள், பேச்சில் குழப்பம் தெரியும், எதிரில் நிற்கும் பேரன் யாரென்று தெரியாது. "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். தொற்று பரவும் காலத்தில் இவற்றில் ஒன்று புதிதாகத் தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 94 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால், உடம்பு சில்லென்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.