பழைய பித்தளை மின்விளக்கை வாங்கிச் சரிசெய்து எரியவிடுவது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றி வந்த சுவர் விளக்குகளும் பால் கண்ணாடிக் குடைகளும் தூசியோடு கிடக்கும். போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, அதற்கேற்ப விலை பேசுங்கள். கண்ணாடியை நகத்தால் தட்டிப் பாருங்கள், கணீரென்று வராவிட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது.

கடைக்காரர் "எரியுது சார்" என்று காட்டினாலும் வீட்டில் அப்படியே மாட்டிவிடாதீர்கள். துணி சுற்றிய பழைய ஒயரின் உள்ளே இருக்கும் ரப்பர் காய்ந்துபோயிருக்கும், வளைத்தாலே பொடியாக உதிரும், செம்பு வெறுமனே பித்தளையில் உரசும். வெளியே எவ்வளவு பழசாக வேண்டுமானாலும் இருக்கட்டும், உள்ளே ஒயரும் ஹோல்டரும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பழைய ஒயரை உருவுவதற்கு முன் அதன் நுனியில் உறுதியான நூலைக் கட்டிவிடுங்கள். ஒயர் வெளியே வரும்போது நூல் குழாய்க்குள் நுழைந்துவிடும், அப்புறம் அதே நூலில் புது மூன்று கோர் ஒயரை (பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் உள்ளே இருப்பது) கட்டி இழுத்தால் அன்னப்பறவைக் கழுத்து மாதிரி வளைந்த கைக்குள்ளும் போய்விடும். ஒயர் நுழையும் துளையின் விளிம்பு கத்தியாக இருந்தால் அரம் போட்டு மழுக்கி, ரப்பர் புஷ் (ஒயர் விளிம்பில் உரசாமல் காக்கும் வளையம்) வைத்துவிடுங்கள். உலோக விளக்குக்கு எர்த் கட்டாயம், விளக்கின் உடம்பில் ஓர் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அங்கே பச்சை ஒயரைத் திருகு போட்டு இறுக்குங்கள். திருகு வகை ஹோல்டர் என்றால் பேஸ் நடு முனைக்குப் போக வேண்டும், ஓரத்து உலோகத்துக்கு நியூட்ரல்.

பித்தளையைத் துலக்கப் புளியும் உப்பும் போதும், ஆனால் ஊறவிடக் கூடாது. தேய்த்த உடனே கழுவித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துத்தநாகம் கரைந்து செம்பு நிறத் திட்டுகள் வரும். இதையெல்லாம் ஒயர் மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பளபளவென்று பாலிஷ் போடுவதை நான் விரும்புவதில்லை, அந்தக் கறுப்பு படிய எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

கண்ணாடிக் குடையின் திருகுகளை முட்ட இறுக்காமல் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், சூட்டில் விரிய இடம் வேண்டும். பல்புக்கு 4 வாட் எல்இடி ஃபிலமென்ட் போதும், மஞ்சள் வெளிச்சம் அப்படியே கிடைக்கும், ஹோல்டரும் சூடாகாது. கரண்ட் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை, தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, பேஸுக்கும் விளக்கின் உடம்புக்கும் வைத்துப் பாருங்கள். பீப் அடித்தால் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். அடிக்காவிட்டாலும் முதல் தடவை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சீரிஸ் போர்டில் (கரண்டை ஒரு பல்பு வழியாக அனுப்பிச் சோதிக்கும் பலகை) போட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.