கையெழுத்து வாங்கிவிட்டால் சம்மதம் வாங்கியதாகிவிடாது

சிங்கப்பூரில் பிள்ளைகளின் மனநலச் சிகிச்சைக்குப் பெற்றோரிடம் சம்மதம் கேட்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், நான் அன்று செய்த தவறுகளையே இன்று செய்கிறார்கள். படிவத்தில் தேதி விடுபடுவது போன்றவை தாமாகத் திருந்திவிடும், அவற்றை விடுகிறேன்.

பிள்ளையையே மொழிபெயர்க்க விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தந்தைக்குத் தமிழ்தான் வசதி. மருத்துவர் பேசுவதோ ஆங்கிலம். நடுவில் பதினைந்து வயதுப் பையன், தன் நோயைத் தானே தந்தைக்குச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படி ஒருவனை உட்கார வைத்தேன். மனச்சோர்வு பற்றியும் மாத்திரை பற்றியும் மருத்துவர் ஐந்து நிமிடம் பேசினார். பையன் சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "படிப்பில் கவனம் இல்லையாம் அப்பா, அதற்கு மருந்து" என்றான். குறிப்பெழுதிக்கொண்டிருந்த என் காதில் அது விழுந்தது. இரவு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தந்தை கையெழுத்திட்டார். நான் வாய் திறக்கவில்லை.

சில நாள்களில், மருந்து உறையை உறவினர் ஒருவர் படித்துச் சொல்லிவிட்டார். "ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினீர்கள்" என்று தந்தை என் முன் வந்து நின்றார். அவர் சொன்னது உண்மை. மருந்தை அன்றே நிறுத்திவிட்டார். அது பலன் தரவே சில வாரங்கள் ஆகும், திடீரென்று நிறுத்தினால் உடம்பு தடுமாறும் என்பதை அவருக்கு யாரும் தமிழில் சொல்லியிருக்கவில்லை. பையன் மறுபடி சிகிச்சைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று.

மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். என்ன நோய், என்ன மருந்து, நிறுத்துவதானால் யாரைக் கேட்க வேண்டும் என்று பெற்றோரையே தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

உடன் வந்தவரிடம் வாங்குவது

வளர்ப்பது பாட்டியாக இருக்கலாம். அதனாலேயே சட்ட உரிமை வந்துவிடாது. மணமுறிவில் பிள்ளை தாயோடு வசித்தாலும், கூட்டுப் பொறுப்பு என்று உத்தரவு இருந்தால் உடல்நலம் பற்றிய பெரிய முடிவுகள் இருவருடையவை. நீதிமன்ற உத்தரவை முதல் நாளே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்"

உயிருக்கு ஆபத்தென்றால் சொல்லியாக வேண்டும். பிள்ளையிடம் இந்த வாக்கைக் கொடுக்காதீர்கள்.

பெற்றோர் மறுத்ததும் கோப்பை மூடுவது

16 முதல் 30 வயதுவரை உள்ளவர்களுக்கு இளையர் மனநலத்துக்கான ‘சாட்’ (CHAT) நிலையம் இலவசமாக மனநல மதிப்பீடு செய்கிறது. 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மறுப்புக்குக் காரணம் என்ன என்றும் கேளுங்கள். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றமல்ல. அது தெரியாமல், மகள்மீது வழக்கு வந்துவிடும் என்று பயந்தே ஒரு தாய் எங்களைத் தவிர்த்துவந்தார். விஷயத்தைச் சொன்ன மறுநாள் காலை, கதவு திறக்கும் முன்பே மகளோடு வந்து காத்திருந்தார்.