இன்வெர்ட்டருக்கு லித்தியமா லெட் ஆசிடா? விலை பாக்கும்போது நம்மாளுக பண்ற தப்புக

மதுரை டவுன் ஹால் ரோட்டுல நாலு கடை ஏறி இறங்குனாலும் பேச்சு ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும், "அண்ணே 150 ஏஹெச் டியூபுலர் இவ்வளவு, 100 ஏஹெச் லித்தியம் அவ்வளவு"ன்னு. (டியூபுலர்ங்கிறது இன்வெர்ட்டருக்குப் போடுற லெட் ஆசிட் பேட்டரி வகை, ஏஹெச்ங்கிறது ஆம்பியர்-அவர், பேட்டரி எவ்வளவு கொள்ளும்ங்கிற அளவு.) என்னடா இது, ஏஹெச்சும் கம்மியா இருக்கு, விலையும் டபுளா இருக்குன்னு நமக்குத் தோணும். அந்த ஏஹெச்ச வச்சு ஒப்பிடுறதுதான் முதல் தப்பு.

கரண்டு பில்லுல வர்ற யூனிட்டா மாத்திப் பாருங்க. 12 வோல்ட்ட 150 ஏஹெச்சால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 1.8 யூனிட், ஆனா டியூபுலர் ரொம்ப நாள் உழைக்கணும்னா பாதிக்கு மேல உறிஞ்சக் கூடாது, ஆக கையில 0.9 யூனிட்தான். லித்தியம் (எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையச் சொல்றேன்) 12.8 வோல்ட் 100 ஏஹெச்னா 1.28 யூனிட், அதுல 80 சதவீதம் தாராளமா எடுக்கலாம், ஒரு யூனிட் வந்துரும். சின்னதா தெரியுறதுதான் இங்க பெருசு.

இன்னொண்ணு, டியூபுலர்ல போட்டிருக்கிற அந்த 150, 20 மணி நேரம் பைய பைய எடுத்தா கிடைக்கிற கணக்கு, அதாவது ஏழரை ஆம்பியர், கிட்டத்தட்ட 90 வாட். நம்ம வீட்டுல பழைய ஃபேன் ரெண்டு ஓடுனாலே 150 வாட், டிவி லைட்டெல்லாம் சேந்தா 300 தாண்டிரும், அப்ப அந்த 150 முழுசா வராது. லித்தியத்துல இந்த இறக்கம் ரொம்பக் கம்மி. (பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி ஃபேன கரண்டு கம்மியா இழுக்கிற பிஎல்டிசி ஃபேனா மாத்துங்க, 30 வாட்டுல ஓடும், பாதிப் பிரச்சினை அங்கயே முடிஞ்சுரும்.)

இதக் கேட்டுட்டு உடனே லித்தியத்துக்கு ஓடுறது ரெண்டாவது தப்பு. ஒரு கணக்குக்கு டியூபுலர் 15,000 ரூபா, 1200 சைக்கிள்னு வைங்க (ஒரு தடவ இறக்கி ஏத்துறது ஒரு சைக்கிள்), யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 14 ரூபா விழும். லித்தியம் 32,000, 3000 சைக்கிள்னா பத்து ரூபா சொச்சம். சோலார் போட்டவங்க, தினமும் பேட்டரிய இறக்கி ஏத்துறவங்களுக்கு இந்தக் கணக்கு சரி. ஆனா உங்க ஏரியாவுல மாசம் ஒருக்கா பராமரிப்புக்குப் பகல்ல கட் பண்றது, நடுவுல எப்பவாச்சும் அரை மணி நேரம் போறது, அவ்வளவுதான்னா வருசத்துக்கு 30 சைக்கிள் கூட ஓடாது, 3000 சைக்கிள எந்தக் காலத்துல தீக்கப் போறீங்க? அந்த மாதிரி வீட்டுக்கு டியூபுலரே போதும்ங்கிறதுதான் என் கணக்கு, கடைக்காரர் என்ன சொன்னாலும்.

ஆனா டியூபுலர் வாங்குனா பராமரிப்ப விலையில சேக்காம விடாதீங்க. அந்த மிதவைக் குச்சி செவப்புக்கோட்டுக்கு இறங்குதான்னு பாக்கணும், டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும். போர் தண்ணி ஆகவே ஆகாது, நல்ல தண்ணிதானேன்னு ஆர்ஓ தண்ணியும் ஊத்துறாங்க, அதுலயும் உப்பு கொஞ்சம் இருக்கும், உள்ள இருக்கிற ஈயத் தட்ட அரிச்சுரும். டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்தா கனெக்‌ஷனக் கழட்டிட்டு சுடுதண்ணி விட்டுத் தொடச்சு வாசலின் தடவுங்க. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அதனால விளக்கு எரியுற பூஜை ரூம்ல வைக்காதீங்க.

வெயிலயும் யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. பேட்டரி ஆயுசெல்லாம் 25-27 டிகிரிய வச்சுச் சொல்றது, அதுக்கு மேல 10 டிகிரி கூடுனா லெட் ஆசிட் ஆயுசு கிட்டத்தட்ட பாதி. மே மாசம் நம்மூர்ல தகரம் போட்ட மாடிப்படி ரூமுக்குள்ள எவ்வளவு கொதிக்கும்னு உங்களுக்கே தெரியும். லித்தியத்துக்கும் சூடு ஆகாது, எந்த பேட்டரின்னாலும் கீழ்வீட்டுல காத்து வர்ற மூலையில வைங்க.

லித்தியம்னு முடிவு பண்ணிட்டா பழைய இன்வெர்ட்டரையே மாட்டலாம்னு நெனச்சுப் பணத்த எண்ணாதீங்க. நாலு செல் லித்தியம் 14.6 வோல்ட்டத் தாண்டக் கூடாது, டியூபுலருக்குன்னு செஞ்ச சில இன்வெர்ட்டர் ஈக்வலைஸ் பண்ணும்போது (செல்லெல்லாம் சமமா ஏற கூடுதல் வோல்ட்ல சார்ஜ் பண்றது) அதுக்கு மேல போகும், பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) படக்குன்னு கட் பண்ணிரும். லித்தியம் மோட் இல்லன்னா புது இன்வெர்ட்டர் செலவையும் சேத்துத்தான் ஒப்பிடணும். மிக்சி, அரை ஹெச்பி மோட்டார் போடுற வீடுன்னா பிஎம்எஸ் எத்தன ஆம்பியர்னு கேளுங்க, 100 ஆம்பியர்னா தொடர்ந்து 1280 வாட்தான், மோட்டார் கிளம்புற அந்த ஒரு இழுவையிலயே ட்ரிப் ஆகலாம். டியூபுலர் அந்த இழுவையத் தாங்கும். பழைய டியூபுலர் ஒண்ணு, புது லித்தியம் ஒண்ணுன்னு சேத்துக் கட்டுற வேலை மட்டும் வேணாம்.

பழைய விலை ஒப்பீட்டப் பாத்து ஏமாறாதீங்க, லெட் ஆசிடுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமா இருந்தது 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18 ஆச்சு, லித்தியத்துக்கும் அதே 18தான். வாரண்டி 60 மாசம்னா அது 36+24ஆன்னு கார்டத் திருப்பிப் பாருங்க, பின்னாடி இருக்கிற 24 மாசத்துக்குப் புதுசு சும்மா தரமாட்டாங்க, புதுசு வாங்குற விலையில கொஞ்சம் கழிப்பாங்க. அதே மாதிரி கடையில சொல்ற டியூபுலர் விலை எக்சேஞ்ச் போகவா, எக்சேஞ்ச் இல்லாமயான்னு கேட்டுக்கங்க, பழைய ஈயத்துக்கு எடைக்கு நல்ல காசு உண்டு, லித்தியத்துக்கு இன்னும் அந்த மாதிரி எடுக்கிற ஆள் நம்ம பக்கம் சுலபமா கிடைக்கிறதில்ல.