உப்புக்காற்றில் ஓடும் பழைய வண்டிக்கு டிரம் பிரேக் ஷூ மாற்றுவது

மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் மீன் ஏற்றும் பழைய வண்டிகளில் பிரேக் ஷூ (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த துண்டு) தேய்வதற்கு முன்பே அதைச் சுற்றியுள்ள சாமான்களை உப்பு தின்றுவிடுகிறது. பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் பின் சக்கரத்தில்தான் விழுகிறது. ஷூவின் மேல் உராயும் பட்டையான லைனிங்குக்கும் அது ஒட்டியிருக்கும் இரும்புக்கும் நடுவில் துரு ஏறி, லைனிங்கை அப்படியே தூக்கிவிடும். அதனால் ஷூவை மட்டும் கழற்றி மாட்டினால் வேலை பாதிதான். இங்கே சொல்வது ஆயில் பிரேக் உள்ள சிறிய லாரிகளின் பின் சக்கரத்துக்கு. ஏர் பிரேக் வண்டிக்கு முறை வேறு.

ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், வண்டி இழுக்கும். இரண்டு சக்கரத்துக்கும் ஷூ, ரிட்டர்ன் ஸ்பிரிங், பிடி ஸ்பிரிங், அதன் ஊசி (பின்) எல்லாம் புதிதாக வாங்குங்கள். ஸ்பிரிங் பார்க்க நன்றாக இருந்தாலும் துரு அரித்தது ஓட்டத்தில் உடைந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் சிக்கிச் சக்கரத்தைப் பூட்டிவிடும்.

சக்கர நட்டைத் தரையில் இருக்கும்போதே இளக்குங்கள். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு ஜாக்கி ஏற்றுங்கள். மணல் தரையானால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை வேண்டும். ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடக்கூடாது.

டிரம் வராமல் அடம்பிடிப்பது இந்தக் கரையில் வழக்கம். ஷூவைத் தாங்கும் பின் தகடான பேக் பிளேட்டின் ரப்பர் மூடியை எடுத்து, ஷூவை விரிக்கவும் சுருக்கவும் உள்ள அட்ஜஸ்டரைத் திருப்பி ஷூவை உள்ளே இறக்குங்கள். டிரம் ஹப்பில் உட்காரும் நடு வளையத்தில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அடிப்பதாக இருந்தால் ஸ்டட்டுகளுக்கு (சக்கர நட்டு ஏறும் போல்ட்) நடுவே உள்ள தட்டைப் பகுதியில், கட்டை வைத்து அடியுங்கள். விளிம்பில் சம்மட்டி பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். டிரம் முகத்தில் மரையுள்ள துளை இருந்தால் போல்ட்டை மாறி மாறி முறுக்குவதே நல்ல வழி.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள்.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கம். கழற்றும் முன் ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று போனில் படம் எடுங்கள். ஒரே சக்கரத்தின் முன்பக்க ஷூவும் பின்பக்க ஷூவும் பல வண்டிகளில் ஒரே மாதிரி இருக்காது. லைனிங்கின் நீளமும் உட்காரும் இடமும் மாறும். தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் இடது, வலது மரை வேறு. மாற்றி மாட்டினால் இறுக்குவதற்குப் பதில் தளர்த்திக்கொண்டே போகும்.

இனிதான் நேரம் செலவழிக்க வேண்டிய இடம். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் நின்றால் சிலிண்டர் ஒழுகுகிறது. சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் ரப்பர் வாஷர் கிட் மட்டும் போட்டுப் பயனில்லை, புது வாஷரும் சில நாளில் ஒழுகும். முழு சிலிண்டரை மாற்றுங்கள். ரப்பரில் டீசலோ பெட்ரோலோ படக்கூடாது, உப்பிவிடும். கியர் ஆயில் வாடை அடித்தால் ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது ஷூ மாட்டினால் அதுவும் எண்ணெயில் ஊறி வீணாகும்.

பேக் பிளேட்டில் ஷூ உரசும் மேடுகளைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சிறு பள்ளம் இருந்தால் அரத்தால் சமப்படுத்துங்கள். ஆழமான பள்ளம் என்றால் வெல்டு வைத்து நிரவ வேண்டும், இல்லாவிட்டால் ஷூ அதில் மாட்டித் திரும்பாது. ஒவ்வொரு மேட்டிலும் சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் பச்சைப்பயறு அளவு போதும். சேசிஸ் கிரீஸ் உருகி லைனிங்கில் இறங்கும். அட்ஜஸ்டரைக் கழற்றி, மரையைத் துலக்கி, கையால் தடங்கலின்றிச் சுற்றுகிறதா பாருங்கள்.

டிரம்முக்கு உச்ச அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும். உள்விட்டத்தை இரண்டு மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். உச்சத்தைத் தாண்டியதைக் கடைசல் போடாதீர்கள், மாற்றுங்கள். புது ஷூவை டிரம்முக்குள் வைத்துப் பார்த்தால் நடுப்பகுதி முதலில் பட வேண்டும். இரு முனையும் பட்டு நடுவில் இடைவெளி தெரிந்தால் பிரேக் கவ்விக் கத்தும், அந்த ஷூ வேண்டாம். மாட்டும்போது லைனிங்கில் கிரீஸ் கை படக்கூடாது.

டிரம்மை ஏற்றியபின் சக்கரம் சுற்றாத அளவுக்கு அட்ஜஸ்டரை இறுக்கி, லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் வரை தளர்த்துங்கள். பெடலை நாலைந்து முறை மிதித்து மீண்டும் சரிபாருங்கள். ஷூவைச் சரிசெய்த பிறகே ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். கேபிளை முதலில் இழுத்தால் ஷூ எப்போதும் பாதி விரிந்தே நிற்கும்.

சிலிண்டரைத் திறந்திருந்தால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்குங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். முன்பே திறந்து வைத்த டின்னைக் கடலோரத்தில் நம்ப முடியாது, புது டின் உடையுங்கள்.

புது லைனிங் டிரம்மில் படிய, காலியான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைப்பதை 20 தடவை செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை கிலோமீட்டர் ஓடட்டும், டிரம் ஆறும். அதற்கு முன் லோடு ஏற்றிப் பாம்பன் பாலத்தின் இறக்கத்தில் இறங்காதீர்கள். 500 கிலோமீட்டர் கழித்து அட்ஜஸ்ட்மென்டும் சக்கர நட்டும் இன்னொரு தடவை பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் வண்டி நிற்கும்போது, ஹேண்ட் பிரேக் போட்டு விடாதீர்கள். ஷூவும் டிரம்மும் துருவில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவி, சற்று ஓட்டிப் பிரேக் பிடித்து ஈரத்தைக் காயவிட்டு நிறுத்துங்கள்.